ஃபிலிம் போடும் முன் டார்ச் அடிங்க!

பழைய கிரவுன் கிராஃபிக் கேமரா கிடைச்சதும் நான் நேரா 4×5 அங்குல ஃபிலிமைப் போட்டேன். 4 ஷீட்டும் புகை படிஞ்சு பாழ். காரணம், துருத்தி மாதிரி மடியும் பெல்லோஸில் ஊசிமுனை ஓட்டைகள்.

நீங்க முதலில் இருட்டறையில் துருத்தியை முழுசா நீட்டி, பின்வழியா டார்ச்சை உள்ளே விட்டு, மடிப்பு மூலைகளை வெளியிலிருந்து பாருங்க. புள்ளி மின்னினா அங்கேதான் ஓட்டை. கறுப்புத் துணிப் பெயிண்டை மெல்லிசா தடவலாம். தடி டேப் ஒட்டினா துருத்தி மடங்காது.

அடுத்து ஷட்டர். 1 வினாடிக்கு வைத்து, சத்தத்தை ஃபோனில் பதிவு செஞ்சு, திறக்கும் கிளிக்குக்கும் மூடும் கிளிக்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்க. 1.4 வினாடி வந்தா அரை ஸ்டாப் வெளிச்சம் கூடுதல்; அபெர்ச்சரை அந்த அளவு சுருக்கினா சரி. மற்ற வேகங்களைத் தனித்தனியா அளக்கணும். மெதுவா ஓடுதேன்னு எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க, பிளேடுகள் ஒட்டிக்கும்!