கழற்றிப் போட்ட கம்பி: ஸ்டெபிலைசர் பார் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்டெபிலைசர் பார் என்பது இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் எஃகுக் கம்பி. ‘ப’ எழுத்தைப் போல வளைந்திருக்கும். நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களால் சேசிஸோடு பிடிக்கப்பட்டிருக்கும். முனைகள் லிங்க் எனப்படும் சிறு தண்டுகள் வழியாகச் சக்கரப் பக்கம் சேரும். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுகும். அந்த முறுக்கத்தை எதிர்த்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பது ஒன்றே அதன் வேலை. பிக்கப்பைத் தாழ்த்தி, ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஏர் பேக் எனப்படும் காற்றுப் பை பொருத்தும்போது பட்டறையில் முதலில் கழற்றி மூலையில் போடப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கம்பிதான்.

‘வண்டி தாழ்ந்துவிட்டது, இனி எங்கே சாயப்போகிறது?’ என்பது அதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். எடை மையம் இறங்குவது உண்மை. ஆனால் வண்டி சாய்வது சாய்வு மையம் என்ற இன்னொரு புள்ளியைச் சுற்றி. ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப்புகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் மேல், கீழ்க் கைகளின் கோணம் அந்தப் புள்ளியைத் தீர்மானிக்கிறது. வண்டியை 5 செ.மீ. இறக்கினால் எடை மையம் 5 செ.மீ. இறங்கும், சாய்வு மையம் அதைவிட அதிகம் இறங்கிவிடக்கூடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். தாழ்த்திய வண்டியில் அந்த நெம்புகோல் நீள்வதும் உண்டு. போதாக்குறைக்கு, சக்கரம் மேலே செல்ல மிஞ்சியிருக்கும் இடமும் குறுகிவிடுகிறது. கொஞ்சம் சாய்ந்ததுமே ரப்பர் தடுப்பில் இடித்து, வெளிப்பக்க டயர் மீது பாரம் ஒரே அடியாக விழும்.

‘ஏர் பேக் இருக்கிறதே, அது தாங்காதா?’ என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இந்தப் பிக்கப்புகளின் பின்புறத்தில் வழக்கமாக ஸ்டெபிலைசர் பார் கிடையாது. அகலமாக அமர்ந்திருக்கும் பட்டை ஸ்பிரிங்குகளே சாய்வை ஓரளவு எதிர்க்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, அச்சைப் பிடிக்கும் நான்கு லிங்குகளும் காற்றுப் பைகளும் பொருத்தினால், அந்த எதிர்ப்பும் கூடவே போய்விடுகிறது. பைகளை சேசிஸுக்கு உட்புறமாக நெருக்கி வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: பைகளுக்கு இடையிலுள்ள தூரம் பாதியானால், அவை தரும் சாய்வெதிர்ப்பு கால் பங்காகக் குறையும்.

இரண்டு பைகளுக்கும் ஒரே காற்றுக் குழாய் போட்டிருந்தால் வேறொரு கோளாறு. வளைவில் வெளிப்பக்கப் பை நசுங்க, அதிலுள்ள காற்று உள்பக்கப் பைக்கு ஓடும். தாங்க வேண்டிய பக்கம் தளர்ந்து, எழக்கூடாத பக்கம் எழும். குழாய் சிறிதானால் காற்று மெல்லத்தான் நகரும். அதனால் சந்து முனைத் திருப்பத்தில் எதுவும் தெரியாது. மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலைக்கு ஏறுவது போன்ற நீண்ட வளைவில்தான் அது வெளிப்படும். வளைவு முடிந்து ஸ்டீயரிங் நேரான பிறகும் வண்டி ஒரு கணம் சாய்ந்தே நிற்கும். இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் குழாய் போட்டால் இந்தக் கோளாறு தீரும். பார் செய்யும் வேலையைச் செய்ய அப்போதும் வேறு ஆள் வேண்டும்.

‘பெரிய டிரெய்லர்களில் காற்றுப் பை மட்டுந்தானே இருக்கிறது, பார் எங்கே?’ என்று கேட்பவர்கள் கண்ணெதிரே இருப்பதைக் கவனிப்பதில்லை. பல டிரெய்லர்களில் இரண்டு தடித்த கைகள் அச்சோடு அசையாதபடி இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஏறினால் அச்சுக் குழாயே முறுக வேண்டும். அங்கே அச்சே ஸ்டெபிலைசர் பார்.

‘பார் இருந்தால் வண்டி குலுக்கும்’ என்பது பாதி உண்மை. சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட மேட்டில் இரு சக்கரங்களும் சேர்ந்தே ஏறுவதால் பார் குறுக்கிடாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அந்த அதிர்வைக் கொஞ்சம் மறுபக்கத்துக்கும் கடத்தும். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இது சிறிய விஷயமல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்கேதான், இன்றைய பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில், நடந்தது. அந்தத் தமிழ்ப் பெயரைத் தாங்கிய தோட்டத்திலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் குலை ஏற்றும் லோரிகள் உழுதுபோட்ட செம்மண் பாதைகளில் இடமும் வலமும் மாறி மாறிக் குழிகள்தான். ஊர்ந்து போகும்போது பார் இல்லாத வண்டி மெத்தென்று போகும். அதற்காகவே ஜீப் ரேங்ளர் ரூபிகானில் முன் பாரைப் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் வசதி உண்டு. ஆனால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.ஐத் தாண்டினால் பார் தானாக மீண்டும் இணைந்துகொள்ளும். தோட்டத்தில் ஊர்ந்த அதே பிக்கப்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் கோலாலம்பூருக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கழற்றிப் போட்ட பார் அங்கே தானாக வந்து சேராது.

பல வண்டிகளில் பாரைக் கழற்ற வைத்தது ‘டொக் டொக்’ என்ற சத்தம். அடியில் படுத்து லிங்க்கைக் கையால் ஆட்டினாலே தேய்ந்த மூட்டு தெரியும். லிங்க்கையும் புஷ்ஷையும் மாற்றினால் சத்தம் போய்விடும். தாழ்த்தியதால் பார் சேசிஸிலோ காற்றுப் பையிலோ உரசுகிறதா என்பதை, ஓடும் உயரத்தில் மட்டுமன்றி காற்றை முழுக்க இறக்கியும் பார்க்க வேண்டும். பையின் ரப்பரில் பளபளவென ஒரு கோடு விழுந்திருந்தால் அது உரசிய தடம். விட்டுவைத்தால் அந்த இடத்தில்தான் பை வெடிக்கும். இதற்கு மருந்து நீளம் மாற்றக்கூடிய குட்டை லிங்க், அல்லது பாரின் பிடிகளை இடம் மாற்றுவது. ஓடும் உயரத்தில் பாரின் கை படுக்கையாகவும், லிங்க் அதற்கு ஏறத்தாழச் செங்குத்தாகவும் நிற்க வேண்டும். சமதளத்தில், இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும்போது லிங்க் போல்ட் கையால் தள்ளினாலே வெளியே வரும். மேடுபள்ளத்தில் அவிழ்த்தால் முறுகிய கம்பி துள்ளிக் கையைப் பதம் பார்க்கும்.

‘தடித்த பார் போட்டால் போதும்’ என்பதும் அவசர முடிவு. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 22 மி.மீ. கம்பிக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். தடித்த பாரைப் பின்னால் மட்டும் போட்டு முன் பாரைக் கழற்றினால், காலி வண்டியின் பின்புறம் ஈரச் சாலையில் வழுக்கிச் சுழலும். முன்னால் மட்டும் விறைப்பேற்றினால் வண்டி திரும்பாமல் வளைவுக்கு வெளியே இழுக்கும். அதனால் முன்பின் இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்கை எடுத்த வண்டிக்கு, முன் பாரை விட்டுவைத்து, பின்னால் புதிதாக ஒரு பார் சேர்ப்பதே முறை. மலேசியாவில் சஸ்பென்ஷன் அமைப்பை இப்படி மாற்றுவதற்கு ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தேவை.