நண்டு அல்லாத நண்டு

சிங்கப்பூரின் வடகரையில் உள்ள மண்டாய்ச் சேற்றுநிலத்தில், கடல்நீர் வற்றும் வேளையில், கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற ஓர் உயிரி ஊர்ந்து செல்வதைக் காணலாம். பழுப்பு கலந்த பச்சை ஓடும் நீண்ட ஊசி வாலும் அதற்கு உண்டு. மலாய்மொழியில் அது பெலாங்காஸ்; தமிழில் குதிரைலாட நண்டு. பெயரில் நண்டு இருந்தாலும் அது நண்டு அன்று.

அதற்கு முதுகெலும்பு இல்லை. உலகில் அறியப்பட்ட விலங்கினங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை முதுகெலும்பற்றவையே. ஆனால், இது இல்லாத ஒன்றை வைத்துச் சூட்டிய பெயர். மண்புழு, கணவாய், நட்சத்திரமீன் ஆகிய மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது! ஆகவே, அறிவியலாளர்கள் உடலமைப்பைக் கொண்டு அவற்றை மேலும் பிரிக்கின்றனர். கணவாயும் நத்தையும் மெல்லுடலிகள். கடினமான புற ஓடும் கணுக்கள் கொண்ட கால்களும் உடையவை கணுக்காலிகள். நண்டு, சிலந்தி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றோடு குதிரைலாட நண்டும் இத்தொகுதியில் அடங்கும்.

சிக்கல் அடுத்த படியில்தான் எழுகிறது. கால்களை எண்ணினால் போதாதா? பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு, கொடுக்குகளையும் சேர்த்து நண்டுக்குப் பத்து. குதிரைலாட நண்டுக்கும் வாயைச் சுற்றிப் பத்துக் கால்கள் உள்ளன. அதுவும் கடலில் வாழ்கிறது. அதனால் நெடுங்காலம் அதை நண்டுக் கூட்டத்திலேயே சேர்த்திருந்தனர். கூர்ந்து நோக்கினால் வேறுபாடு புலப்படும். நண்டின் தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் உள்ளன. குதிரைலாட நண்டுக்கு ஒன்றுகூட இல்லை. மாறாக, அதன் வாய்க்கு முன்னால் ஓர் இணைச் சிறு பற்றுறுப்புகள் உள்ளன. தேளுக்கும் அவை உண்டு. சிலந்தியிடம் அவையே நச்சுப்பற்களைத் தாங்கியுள்ளன. 1881ஆம் ஆண்டில் ஆங்கிலேய விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர், இவ்வுயிரி சிலந்தியின் உறவு என்று எழுதினார். நண்டைவிடச் சிலந்திக்கும் தேளுக்குமே அது நெருக்கமானது என்பதை இன்று அறிவியலாளர்கள் ஏற்கின்றனர்.

தேளின் உறவு என்றதும் அதன் வாலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது கொட்டாது. புரண்டு விழுந்தால் நிமிர்ந்து கொள்ளவே அந்த வால் பயன்படுகிறது.

மனிதருக்கோ அதன் நீல இரத்தம் தேவைப்பட்டது. சில பாக்டீரியாக்களின் நச்சு பட்டவுடன் அவ்விரத்தம் உறைந்துவிடும். எனவே, ஊசிமருந்துகள் தூய்மையானவையா என்று சோதிக்க அதைப் பயன்படுத்துகின்றனர். இதற்காக அமெரிக்கக் கரைகளில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குதிரைலாட நண்டுகளைப் பிடித்து இரத்தம் எடுக்கின்றனர். அவற்றுள் ஒரு பகுதி இறந்துவிடுகின்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சதுப்புநிலக் குதிரைலாட நண்டின் மரபணுவைக் கொண்டு, அந்த இரத்தத்திற்கு மாற்றாகும் ஒரு புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினர்.

மண்டாயில் அவ்வுயிரிக்கு வேறோர் ஆபத்து உண்டு. கைவிடப்பட்ட மீன்வலைகளில் அதன் கால்களும் வாலும் எளிதில் சிக்கிக்கொள்கின்றன. நீர் வற்றும் நேரம் பார்த்துத் தன்னார்வலர்கள் சேற்றில் இறங்குகின்றனர். வலையைக் கத்தரித்து, அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்கின்றனர்.