காடியில் ஒரு கைலி

அன்புள்ள வாசகிக்கு,

மதுரையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்காகக் குடும்பத்தோடு முதல் தடவை கோலாலம்பூர் வருகிறீர்கள். "முஸ்லிம் நாடாயிற்றே, மகள் ஜீன்ஸ் போடலாமா, வீட்டுக்காரருக்கு வேட்டி ஆகுமா, புடவை கட்டிக்கொண்டு பள்ளிவாசல் பார்க்க விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆகும், விடுவார்கள். கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் நீங்கள் கேட்காத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் தெரு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் துன் சம்பந்தன் சாலையில் பச்சை விளக்குக்காகப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தூடோங் என்னும் தலைத்துணி கட்டிய மலாய்ப் பெண், அரைக்கால் சட்டை போட்ட சீனப் பெண், சுடிதாரில் ஒரு கல்லூரி மாணவி, நூல் சேலையில் ஒரு பாட்டி எல்லாரும் ஒன்றாகத்தான் சாலையைக் கடப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவுக்கென்று இங்கே சட்டம் இல்லை. சட்டமெல்லாம் வாசலில்தான். ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொன்று.

பள்ளிவாசல்தான் இருப்பதிலேயே சுலபம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909-இல் கட்டிய மஸ்ஜித் ஜாமேக்குக்குப் போனாலும் சரி, 1965-இல் திறந்த தேசியப் பள்ளிவாசலுக்குப் போனாலும் சரி, உடல் மறைக்கும் அங்கி அவர்களே தருவார்கள். புடவைக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். தொழுகை இல்லாத நேரம் பார்த்துப் போங்கள், வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தவிருங்கள். வேறொன்றும் இல்லை.

பத்துமலை முருகன் கோயிலிலும் அதே கதைதான். 272 படி ஏறுவதற்கு முன்னால் முட்டி தெரியும் உடையில் நிற்கும் சுற்றுப்பயணிகளுக்கு அடிவாரத்தில் சாரோங் வாடகைக்குக் கிடைக்கும். சில வெள்ளிதான். (இங்கே ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்.) குரங்குகள் மட்டும் எந்த மரியாதையும் பார்க்காது, பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

கறாரான வாசல் அரசாங்க அலுவலகம். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) தொலைந்து காவல் நிலையத்துக்கு ஓடினால்தான் அதன் முகம் தெரியும். கையில்லாத மேல்சட்டை, முட்டிக்கு மேல் பாவாடை, அரைக்கால் சட்டை, சிலிப்பர் எல்லாவற்றுக்கும் குறுக்குக் கோடு போட்ட படம் வாசலிலேயே மாட்டியிருக்கும். பல வருஷத்துக்கு முன் என் அக்காள் மகளோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அவள் பாவாடை முட்டியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பாதுகாவலர் சங்கடத்தோடு சிரித்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாரோங்கை எடுத்து நீட்டினார். எத்தனை பேர் கட்டி அவிழ்த்ததோ. அவள் அதைக் கட்டிக்கொண்டு முகவரி மாற்றிவிட்டு வந்தாள், காடியில் ஏறியதும் அழுதாள். (காடி என்றால் எங்களுக்குக் கார்.) அன்றிலிருந்து என் காடியின் பின்பெட்டியில் துவைத்து மடித்த பாத்தேக் கைலி ஒன்று எப்போதும் இருக்கும்.

அவள் ஒருத்தி அல்ல. 2015 ஜூனில் இப்படி வரிசையாகச் சில சம்பவங்கள் நாளிதழ்களில் வந்து நாடே வாதாடியது. 2023-இல் காஜாங் காவல் நிலையத்தில் விபத்துப் புகார் கொடுக்கப் போன பெண்ணை உடையைக் காட்டி உள்ளே விடவில்லை என்று அதே வாதம் மறுபடியும் கிளம்பியது. வரி கட்டுகிறவளுக்கு முட்டி தெரிந்தால் என்ன என்றுதான் நானும் கேட்கிறேன். அந்தச் சண்டையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். நீங்கள் ஒரு முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் பெட்டியில் வையுங்கள், உங்கள் வீட்டுக்காரருக்குச் சப்பாத்தும் (ஷூதான்). உங்கள் ஊரும் சளைத்ததில்லை. 2014-இல் வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் வாசலில் நிறுத்தினார்கள், அதற்காகச் சட்டமன்றம் தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. இங்கே வேட்டிக்குக் கோயிலும் கல்யாண மண்டபமும் காத்திருக்கின்றன, தாராளமாகக் கட்டட்டும்.

மலாய்க்காரர்கள்தான் கட்டுப்பாடு போடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 தைப்பூசத்துக்கு முன்னால், பத்துமலைக்குப் "பொருத்தமில்லாத" உடையில் வரும் பெண்கள்மேல் சாயம் அடிக்கப்போவதாகச் சமூக ஊடகத்தில் ஒரு குழு மிரட்டியது. நம் பையன்கள்தான். பெண்கள் கொதித்தெழுந்தார்கள், போலீஸ் வந்தது. கோயிலுக்கு உடம்பை மூடிக்கொண்டு போவது என் பாட்டி எனக்குச் சொல்லித் தந்த மரியாதை. சாயப் புட்டியோடு வாசலில் நிற்கச் சொல்லி அவள் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கு முன் கிள்ளானுக்கு வந்தால் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியும் மலையாகக் குவிந்திருக்கும். அதே ஊரில்தான் சிலாங்கூர் சுல்தானின் ஆலம் ஷா அரண்மனையும் இருக்கிறது. மலாய் மரபில் மஞ்சள் அரசருடைய நிறம், அரண்மனை விருந்துக்குப் போகிறவர்கள் அதை உடுத்துவதில்லை. 2015 ஆகஸ்டில் நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 பேரணி நேரத்தில், அந்தப் பெயர் அச்சிட்ட மஞ்சள் சட்டையை உள்துறை அமைச்சு தடைசெய்தது. முருகனுக்கு ஒரு மஞ்சள், சுல்தானுக்கு ஒரு மஞ்சள், ஊர்வலத்துக்கு ஒரு மஞ்சள். உங்கள் பட்டுப்புடவை மஞ்சளாக இருந்தால் கவலையே வேண்டாம், கல்யாணத்துக்குக் கட்டுங்கள். அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கைக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். ஒன்றைக் காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டாமல், விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவது மலாய் வழக்கம். மலாய்ப் பெண்மணி கை நீட்டினால் உங்கள் வீட்டுக்காரர் குலுக்கலாம். நீட்டாவிட்டால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும். கல்யாணத்தில் யாரையாவது டத்தோ, டான்ஸ்ரீ என்று அறிமுகம் செய்தால் அப்படியே அழையுங்கள். பிரிக்பீல்ட்ஸின் நடுச்சாலைக்குப் பெயர் தந்த சம்பந்தனுக்கு முன்னால் நிற்கும் 'துன்' என்பதும் அப்படி ஒரு பட்டம்தான். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) சீனப் பையன் உங்கள் வீட்டுக்காரரை "அண்ணே" என்றோ "மச்சா" என்றோ கூப்பிட்டால் கோபப்பட வேண்டாம், அது இந்த ஊர்ப் பிரியம்.

இப்போது அந்த நாலாவது கேள்வி. எங்களிடம் எப்படி நடந்துகொள்வது?

பள்ளிவாசலில் நீங்கள் தவறு செய்யமாட்டீர்கள், அங்கே எல்லாம் புதிது என்பதால் ஜாக்கிரதையாக இருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் மல்லிகைப்பூ வாசமும் இட்லிக்கடையும் சினிமாப் பாட்டும் வந்தவுடன் செருப்போடு ஜாக்கிரதையையும் கழற்றிப் போட்டுவிடுவீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் வழுக்குவது அங்கேதான். "அட, நல்லாத் தமிழ் பேசுறீங்களே!" என்பார்கள். பாராட்டுத்தான், ஆனால் முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவளிடம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? பினாங்கில் 1816-இலேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. இன்றைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன, அரசாங்கச் சம்பளத்தில். "எப்போ ஊருக்குத் திரும்புவீங்க?" என்றும் கேட்பார்கள். என் தாத்தாவின் அப்பா ரப்பர் காட்டுக்கு வந்தவர். நான் திரும்புவதென்றால் கிள்ளானுக்குத்தான். கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து மதுரை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் பேச்சில் வெள்ளி இருக்கும், காடி இருக்கும், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு 'லா' தொங்கும். மறந்துபோன தமிழ் இல்லை அம்மா, இந்த மண்ணில் வளர்ந்த தமிழ்.

மகளிடம் சொல்லுங்கள், ஜீன்ஸே போட்டுக்கொண்டு வரட்டும். பின்பெட்டியில் கைலி இருக்கிறது, எந்த வாசலாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். காலையில் கிள்ளானுக்கு வந்து இறங்கியதும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். யாரும் சிரிக்கக் கூடாது. "இன்னும் இல்லை" என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு பழைய வாத்தியாரம்மா