முதல் ஸ்மார்ட்போன்: கடைக்குப் போகும் முன் ஒரு சின்னப் பாடம்

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் போனுக்கு ஓடிபி வருகிறது. ரேஷன் கடையில் அரிசி வாங்கினால் குறுஞ்செய்தி வருகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் “போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க” என்கிறார். பட்டா, சிட்டா பார்க்கவும், வங்கியில் பணம் எடுக்கவும், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கும் ஒரு மொபைல் எண் வேண்டியிருக்கிறது.

இதுவரை மகன் போனையோ, பக்கத்து வீட்டு எண்ணையோ கொடுத்துச் சமாளித்தவர்கள் இப்போது “நமக்குன்னு ஒரு போன் வாங்கிடலாம்” என்று நினைக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் மெகாபிக்சல், ரேம், 5ஜி, 28 நாள், 84 நாள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் நம்பர், அப்புறம்தான் போன்

போன் பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். எண் கைவிட்டுப் போனால் ஆதார், வங்கி, ரேஷன் கார்டு என ஒவ்வொரு இடமாக ஏறி இறங்க வேண்டும். அதனால் முதல் கேள்வி இதுதான்: சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது?

பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். பல வருடமாக ஒரே எண்தான். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் அந்த எண்தான் இருக்கிறது. ஆனால் சிம்மை அன்றைக்கு வாங்கிக் கொடுத்த உறவுக்காரர் தன் பெயரில் வாங்கிவிட்டார். போன் தொலைந்ததும் அக்கா மாற்று சிம் கேட்டுப் போகிறார். “யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வரணும்” என்கிறார்கள். அந்த உறவுக்காரர் ஊரிலேயே இல்லை. எண் தன்னுடையது என்று நிரூபிக்க அக்காவிடம் எதுவும் இல்லை.

இந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது. புது சிம் வாங்கினால் உங்கள் பெயரில், உங்கள் ஆதாரைக் கொண்டே வாங்குங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் கூட இருக்கும்போதே நிறுவனத்தின் சேவை மையத்துக்கு இருவரும் போய் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான நடைமுறை எல்லா நிறுவனங்களிலும் உண்டு.

சிம் வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை. “ரேகை சரியா விழல, மறுபடி வைங்க” என்று இரண்டு மூன்று முறை விரல் வைக்கச் சொல்லி, உங்கள் பெயரில் கூடுதல் சிம் எடுத்துக்கொள்ளும் மோசடி நடந்திருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்திலும் செயலியிலும் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் ‘இது என் எண் இல்லை’ என்று அங்கேயே புகார் தரலாம்.

2. ஸ்மார்ட்போன்தான் வேண்டுமா?

இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேசவும், ஓடிபி வாங்கவும் மட்டும்தான் போன் என்றால் 4ஜி பட்டன் போனே போதும். ஓடிபி சாதாரணக் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. பட்டன் போனிலிருந்து பணம் அனுப்ப ‘யுபிஐ 123பே’ என்ற வசதியும் 2022 முதல் இருக்கிறது.

வாட்ஸ்அப், வீடியோ கால், அரசு செயலிகள், பிள்ளைகளின் பாடம், பஸ் டிக்கெட் முன்பதிவு இவற்றில் இரண்டு மூன்றாவது வேண்டுமென்றால் ஸ்மார்ட்போன் வாங்கலாம்.

3. உங்கள் வீட்டில் எந்த சிக்னல் எடுக்கிறது?

கடைத்தெருவில் நன்றாக எடுக்கும் நிறுவனம் உங்கள் வீட்டு அடுப்படியில் எடுக்காமல் போகலாம். நிறுவனத்தை விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் வெவ்வேறு நிறுவன எண் வைத்திருப்பவர்களை வீட்டுக்குள் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் இடத்திலும் இதையே செய்யுங்கள். எந்தெந்தப் பகுதியில் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தையும் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன.

5ஜி பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் ஊரில் 5ஜி எடுக்காவிட்டாலும் 5ஜி போன் 4ஜி-யில் வேலை செய்யும். நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், விலை வித்தியாசமும் குறைவு என்றால் 5ஜி போன் வாங்கலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. இப்போதைய அரசு சேவைகள் எல்லாவற்றுக்கும் 4ஜி போதும்.

4. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்போம்

ரேம்: இதை வேலை செய்யும் மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை சிறிதாக இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க முடியும். 4 ஜிபி குறைந்தபட்சம். 6 ஜிபி இருந்தால் திணறாது. சில பெட்டிகளில் ‘4+4 ஜிபி’ என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது 4 உண்மையான ரேம் இல்லை. சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்வது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சேமிப்பிடம்: இது பீரோ மாதிரி. போட்டோ, வீடியோ, செயலி எல்லாம் இங்கேதான் இருக்கும். போனின் சொந்த மென்பொருளே இதில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 128 ஜிபி வாங்குவது நல்லது. 64 ஜிபி என்றால் மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேட்டரி: 5000 எம்ஏஎச் அளவில் இருந்தால் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒரு நாள் ஓடும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது சில மாடல்களில் வயர் மட்டும்தான் வருகிறது.

அப்டேட்: “இந்த போனுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்?” என்று கேளுங்கள். அப்டேட் நின்றுபோன போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது தாழ்ப்பாள் தேய்ந்த கதவு மாதிரி. கடையில் பல மாதமாகக் கிடக்கும் பழைய மாடலைத் தள்ளுபடியில் கொடுத்தால் இந்தக் கேள்வியை அவசியம் கேளுங்கள்.

கேமரா: மெகாபிக்சல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடையில் இருக்கும் மாதிரி போனில் உங்கள் ரேஷன் கார்டைப் படம் எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும். அப்படியே வெளியே வெயிலில் நின்று திரை தெரிகிறதா, பேசினால் குரல் சத்தமாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர்: உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு திரை உடைந்தாலும் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

5. காசு கொடுக்கும் முன்

ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘கேஒய்எம்’ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் அந்த போனின் விவரம் பதிலாக வரும். ‘தடை செய்யப்பட்டது’, ‘போலி’, ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் பதில் வந்தால் அதை வாங்காதீர்கள். பழைய போன் வாங்குவோர் இதைச் செய்யாமல் காசு கொடுக்கவே கூடாது. திருட்டு போன் உங்கள் கையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஜிஎஸ்டி எண்ணும் ஐஎம்இஐ எண்ணும் போட்ட ரசீது வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாரண்டி கேட்கும்போது சிக்கலாகும். தவணையில் வாங்கினால், மாதத் தவணையை மட்டும் கேட்காமல், “எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. ரீசார்ஜ் கணக்கு

‘மாத ரீசார்ஜ்’ என்று சொல்லப்படும் பல திட்டங்கள் 28 நாள்தான். ஒரு வருடத்துக்கு 13 முறை போட வேண்டும். எனவே ஒப்பிடும்போது மொத்த விலையைப் பார்க்காதீர்கள்; நாளைக் கொண்டு வகுத்துப் பாருங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு: 28 நாளுக்கு ₹200 என்றால் ஒரு நாளுக்கு ₹7.14. அதே வசதி 84 நாளுக்கு ₹550 என்றால் ஒரு நாளுக்கு ₹6.55. வருடத்துக்கு ₹200-க்கு மேல் மிச்சம். ஆனால் ஒரே தடவையில் ₹550 புரட்ட முடியாதவர்கள் 28 நாள் திட்டம் போடுவதில் தவறில்லை. ஒரு முழு மாதம் வேண்டுமென்றால், 30 நாள் திட்டமும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு உத்தரவு. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

டேட்டாவே வேண்டாம் என்பவர்களுக்கு, பேசவும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதே விதியில் சிறப்புத் திட்டங்களின் கால வரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது உதவும்.

டேட்டா எவ்வளவு வேண்டும்? வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி அனுப்ப மிகக் கொஞ்சமே செலவாகும். வீடியோதான் அதிகம் இழுக்கும். சாதாரணத் தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரை ஜிபி ஆகலாம். முதல் மாதம் தினம் 1 ஜிபி அளவிலான திட்டம் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் அடுத்த மாதம் கூட்டிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது, ரீசார்ஜை முழுதாக விட்டுவிடக் கூடாது என்பது. திட்டம் முடிந்தால் வெளியே பேச முடியாது. சில நாளில் உள்ளே வரும் அழைப்பும் ஓடிபியும் நின்றுவிடும். எத்தனை நாளில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அப்படியே பல மாதம் கிடந்தால் எண் துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன் பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். வங்கிக் கணக்கில் அந்தப் பழைய எண்ணே இருந்தால், உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேரும். எண்ணை விடுவதாக இருந்தால், முதலில் வங்கியிலும் ஆதாரிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

நிறுவனம் பிடிக்கவில்லையா? எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். அதை எடுத்துக்கொண்டு புது நிறுவனத்துக்குப் போக வேண்டும். பழைய நிறுவனத்தில் குறைந்தது 90 நாள் இருந்திருக்க வேண்டும். மீதமிருக்கும் பழைய பேலன்ஸ் கூட வராது. எனவே நீண்ட நாள் ரீசார்ஜ் போட்ட கையோடு மாறாதீர்கள்.

7. வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

• திரைக்குப் பூட்டு போடுங்கள். பிறந்த வருடத்தையும் 1234-ஐயும் தவிர்த்து வேறு எண் வையுங்கள்.

• கூகுள் கணக்கை நீங்களோ, வீட்டில் நம்பிக்கையானவரோ உருவாக்குங்கள். கடைக்காரர் அவசரமாக ஒரு கணக்கு திறந்து கொடுத்தால் அதன் கடவுச்சொல் உங்களிடம் இருக்காது. பின்னால் போனை அழித்துப் புதிதாகத் தொடங்கும்போது அந்தப் பழைய கணக்கைத்தான் கேட்கும். தெரியாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். போனின் உறைக்குள் வைக்காதீர்கள்.

• அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றுங்கள். எழுத்தின் அளவையும் பெரிதாக்கலாம். தட்டச்சு வராதவர்கள், விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாக மாறும்.

• செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், வங்கி அறிவிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பைத் தொடாதீர்கள். அது உங்கள் ஓடிபிகளைத் திருடும் செயலியாக இருக்கலாம்.

• “போலீஸ் பேசுறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம்” என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

8. குறித்து வைக்க வேண்டிய எண்கள்

பணம் பறிபோனால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே எண்ணில் மாற்று சிம் வாங்கி, பிறகு சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐ எண்ணைத் தந்து போனை முடக்கலாம். விற்ற பொருளில் குறை இருந்து கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அரசு சேவை குறித்த குறைகளுக்கு முதல்வரின் உதவி மைய எண் 1100.

இந்த வாரம் ஒரு வேலை

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது, ஆதாரில் எந்த எண் இருக்கிறது, வங்கியில் எந்த எண் இருக்கிறது, ரேஷன் கார்டில் எந்த எண் இருக்கிறது. நான்கும் உங்கள் பெயரிலுள்ள ஒரே எண்ணாக இருந்தால் நிம்மதியாக போன் வாங்கக் கிளம்பலாம். ஒன்று மாறியிருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். போன் கடை அடுத்த வாரமும் திறந்துதான் இருக்கும்.