ஆற்றுப்படுத்துதல்: நாங்கள் கற்றுவந்த பாடம்

காலாண்டுத் தேர்வில் எங்கள் தோழி ஒருத்தி கணக்கில் தோற்றுப்போனாள். சாப்பாட்டு வேளையில் அவளைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் ஐவரும் ஆறுதல் சொன்னோம். ஒருத்தி, "விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படி" என்றாள். இன்னொருத்தி செபமாலை சொல்லச் சொன்னாள். மற்றவள் தன் அக்காளின் கதையை எடுத்துவிட்டாள். நல்ல காரியம் செய்தோம் என்று மகிழ்ந்தோம். மறுநாளிலிருந்து அவள் எங்களோடு சாப்பிட வரவில்லை.

இந்நிலையில்தான் கோவையில் நடந்த கிறிஸ்தவ ஆற்றுப்படுத்துதல் கருத்தரங்குக்கு எங்களை அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் வகுப்பு இல்லை என்பதே எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல் தமிழ் படிக்கும் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, எதிரே வரும் வறியவனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வான். ஆறு என்றால் வழி. வழியைச் சொல்பவன் ஒருவன். நடக்க வேண்டியவன் மற்றவன். நாங்களோ எங்கள் தோழியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்தோம்!

யோபுவின் கதையையும் அங்கே புதிதாகப் பார்த்தோம். நண்பர்கள் மூவர் வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களே. அவர்கள் வாய் திறந்து, "நீ பாவம் செய்திருப்பாய்" என்று வாதாடத் தொடங்கிய பிறகே யோபுவின் வேதனை கூடியது. அவர்களாவது ஏழு நாள் பொறுத்தார்கள். நாங்கள் ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

பின்னர் ஒரு பயிற்சி. இருவர் இருவராக அமர வேண்டும். ஒருத்தி மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்றவள் கேட்க மட்டும் வேண்டும். முதல் நிமிடத்திலேயே எங்களுக்கு நாக்கு துறுதுறுத்தது. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்பது குற்றம் சாட்டுவது போலிருக்கிறது, 'என்ன நடந்தது?' என்றால் மனம் திறக்கிறது. இது பெற்றோருக்கும் பொருந்தும். "ஏன் அம்மிணி, மூஞ்சி வாடியிருக்குது?" என்று அன்பாகத்தான் தொடங்குகிறார்கள். நாங்கள் பதில் சொல்லும் முன்பே, "எல்லாம் அந்த போனால் வருவது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

எங்களை அதிகம் பாதித்தது சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவின் வரலாறு. 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு, எங்களைவிட ஒரு வயது இளைய, பதினான்கு வயதுப் பெண்ணுடையது. மாதவிலக்கு தொடங்கியதை ஏதோ கொடிய நோய் என்று பயந்து அவள் உயிரை விட்டிருந்தாள். கேட்க அவளுக்கு ஒருவரும் இல்லை. நம் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் சீர் செய்து ஊரறியக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் பெண்ணை உட்கார வைத்து விளக்கிச் சொல்லும் வீடுகள் எத்தனை?

அந்தக் குரு 1953-இல் லண்டனில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, மனம் உடைந்தவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரில் வந்து காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சைக் கேட்டார்கள். பலர் அதிலேயே ஆறுதலடைந்து, குருவைப் பார்க்காமலே வீடு திரும்பினார்களாம்! இவ்வாறு தோன்றியதே 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பு. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'வும் இவ்வழியில் செல்வதே.

ஒப்புரவு அருட்சாதனம் இருக்க இது எதற்கு என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். இரண்டும் வேறு. அங்கே பாவத்துக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. குருவானவர் எக்காரணத்தாலும் அந்த இரகசியத்தை வெளியிட முடியாது. ஆனால் துயரம் பாவமன்று. ஆற்றுப்படுத்துபவரும் இரகசியம் காப்பார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தோழியர் நமக்கும் அதே விதிதான்: "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும், அருட்சகோதரியிடமோ ஆசிரியையிடமோ ஓட வேண்டும். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணுக்கும் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அதை எங்கள் நோட்டு அட்டைகளில் எழுதி வைத்துள்ளோம்.

திங்கட்கிழமை, தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழியின் அருகே எங்கள் டிபன் பாக்ஸ்களோடு போய் உட்கார்ந்தோம். யாரும் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. மணி அடிக்கச் சிறிது நேரம் இருந்தபோது அவளே பேசினாள். விஷயம் கணக்கே அன்று. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டோம்.