‘உனக்குத் தெரியாதும்மா’ என்று மகள் சொல்லும்போது

கேள்வி:

டீச்சர் அம்மா, என் மகள் ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ஐந்தாவது வரை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன், நன்றாகப் படித்தாள். ஆறாவதுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்ததிலிருந்து மார்க் இறங்கிக்கொண்டே போகிறது. கணக்கும் அறிவியலும் சுத்தமாகப் பிடிபடவில்லை. நான் எட்டாவது வரைதான் படித்தேன், அதுவும் மறந்துவிட்டது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. ஏதாவது கேட்டால் ‘உனக்குத் தெரியாதும்மா, விடு’ என்கிறாள். அவள் அப்பா பெங்களூருவில் கொத்தனார் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். டியூஷன் வைக்கலாமா, செஞ்சியில் ஏதாவது தனியார் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்க்கலாமா என்று குழப்பமாக இருக்கிறது. மாமியாரோ, பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

– ஒரு தாய், மண்டகப்பட்டு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடனை இப்போது வாங்காதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

ஐந்தாவது வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். எல்லாப் பாடமும் அவர்தான், பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர், மணியடித்தால் அடுத்தவர். பாடமும் மாறிவிடுகிறது. அதுவரை எண்ணைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த குழந்தையிடம் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தைக் கொடுத்து இயற்கணிதம் என்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் இருக்கிறது என்கிறார்கள். அறிவியலில் பக்கத்துக்குப் பத்துப் புதுச் சொல். உங்கள் மகள் மந்தமாகிவிடவில்லை. இந்த வயதில் ஏராளமான பிள்ளைகள் சறுக்கும் இடம் இது.

உங்களுக்கு வலிக்கும் இடம் ‘உனக்குத் தெரியாதும்மா’ என்ற சொல்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எந்தெந்த விதத்தில் துணை நின்றால் படிப்பு ஏறுகிறது என்று 50 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2009-இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்து உதவுவதற்குத்தான் இருப்பதிலேயே குறைந்த பலன். சில ஆய்வுகளில் எதிர்ப்பலனே தெரிந்தது. மிக அதிகப் பலன் தந்தது, படிப்பைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவது: இது எதற்குப் பயன்படும், எப்படிப் படிக்கிறாய், மேலே என்ன படிக்க ஆசை, உன்னிடம் நான் எதிர்பார்ப்பது என்ன என்ற பேச்சு. இதற்கு ஏழாவது கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுங்கள். இனி அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

மாலையில் மல்லாட்டை உரிக்கும்போதோ அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதோ, ‘இன்னிக்கு அறிவியல்ல என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். புத்தகம் மூடியே இருக்க வேண்டும். நிறை வேறு, எடை வேறு என்று அவள் சொன்னால், ‘ரெண்டும் கிலோ தானே, எப்படி வேறாகும்?’ என்று கேளுங்கள். தெரியாதவர் கேட்கும் உண்மையான கேள்வி அது. படித்தவர் கேட்டால் பரீட்சை போல ஆகிவிடும், நீங்கள் கேட்டால் ஆகாது. ‘ஏன்?’, ‘எப்படித் தெரியும்?’, ‘நம்ம வீட்டுல ஒண்ணைக் காட்டு’ என்ற மூன்று கேள்விகள் எல்லாப் பாடத்துக்கும் போதும். மிச்செலின் சீ என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து 1994-இல் எழுதியிருக்கிறார்கள். இரத்த ஓட்டம் பற்றிய பாடம். ஒரு பிரிவினர் ஒவ்வொரு வரிக்கும் தங்களுக்குப் புரிந்ததைச் சொந்த வார்த்தையில் விளக்கினார்கள். இன்னொரு பிரிவினர் அதே பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். விளக்கியவர்களுக்கே பாடம் ஆழமாகப் புரிந்தது.

அவள் திக்கும் இடத்தில் திட்டாதீர்கள். பென்சிலால் புத்தகத்தில் ஒரு சின்னக் கோடு போடச் சொல்லுங்கள். ‘நாளைக்கு டீச்சர்கிட்ட இதை மட்டும் கேட்டுட்டு வா’ என்று அனுப்புங்கள். ‘எதுவுமே புரியலை டீச்சர்’ என்று வரும் பிள்ளைக்கு நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘இந்த வரி புரியலை’ என்று வரும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும்.

கணக்கு மட்டும் கொஞ்சம் தனி. ஒரு படி ஆடினால் அடுத்த படியில் நிற்க முடியாத பாடம் அது. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ‘அசர்’ ஆய்வில், 2024-ஆம் ஆண்டில், நாடு முழுவதும் கிராமத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சாதாரண வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் பாதிக்கும் குறைவு. ஏழாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்றால், பெரும்பாலும் நாலாவது அல்லது ஐந்தாவது கணக்கில் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு நெல் மூட்டை 75 கிலோ. ‘கால் மூட்டை எத்தனை கிலோ?’ என்று கேளுங்கள். 18.75 என்று வகுத்துச் சொல்கிறாளா? அரையையும் காலையும் கூட்டினால் முக்கால் என்பதை உடனே சொல்லிவிடுவாள். அரையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்கிறாளா? அப்படிச் சொன்னால் வியாதி பின்னத்தில் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தினமும் கால் மணி நேரம், பழைய ஐந்தாம், ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து. ‘சின்னப் பிள்ளைக் கணக்கு’ என்று அவளுக்கு வெட்கமாக இருக்கும், வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கணக்கு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. மகளிர் குழுவில் இருந்தால் வட்டிக் கணக்கு உங்களுக்கு அத்துபடியாக இருக்கும். ஏழாம் வகுப்பில் சதவீதமும் தனிவட்டியும் பாடமாகவே வருகிறது. புத்தகத்தில் ‘ஆண்டுக்கு 12 சதவீதம்’ என்று இருக்கும், ஊரில் ‘ஒரு வட்டி’ என்போம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்குப் பன்னிரண்டு. இரண்டும் ஒன்றேதான் என்பதை அவள் கண்டுபிடிக்கட்டும். 10,000 ரூபாயை ஒரு வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 1,200. மூணு வட்டிக்கு வாங்கினால் 3,600. அந்த இரண்டாவது எண்ணை அவளே எழுதிப் பார்க்கும்போது சதவீதம் அவளுக்குள் இறங்கிவிடும், கடன் என்றால் என்ன என்பதும் சேர்ந்து இறங்கும். அடுத்து உங்கள் பாஸ்புக்கைக் காட்டி, ‘மாசாமாசம் அசலும் கட்டிட்டு வர்றேனே, அப்ப வட்டி எப்படி மாறும்?’ என்று கேளுங்கள். அதை அவள் ஒரு வாரம் யோசித்தாலும் நல்லதுதான். நிலக் கணக்கும் அப்படியே. ஏக்கருக்கு 100 சென்ட், காணிக்கு 132 சென்ட். ஒரு காணி எத்தனை ஏக்கர் என்றால் தசம எண் வந்துவிட்டது.

அவள் அப்பாவையும் விட்டுவிடாதீர்கள். சுவர் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப் பிடிப்பார். அடுத்த வருடம் எட்டாவதில் பிதாகரஸ் தேற்றம் என்ற பெயரில் வரப்போவது அதுதான். கலவை ஒன்றுக்கு ஆறு என்று அவர் போடுவது விகிதம். நாலு ஆள் ஆறு நாளில் எழுப்பும் சுவரை மூணு ஆள் எத்தனை நாளில் எழுப்புவார்கள் என்பது ஏழாவதில் வரும் எதிர் விகிதம். போனில் பேசும்போது ‘மார்க் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்காமல் இப்படி ஒரு கணக்கை அவர் கேட்கட்டும், அவள் மறுநாள் பதில் சொல்லட்டும். அப்பாவின் தொழிலில் இவ்வளவு படிப்பு இருக்கிறது என்று ஒரு பெண் குழந்தை தெரிந்துகொள்வது மார்க்கைவிடப் பெரிய விஷயம் என்பேன்.

இன்னொன்று, உங்கள் ஊருக்கு மட்டுமே வாய்த்தது. மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகைக் கோயில் உங்கள் ஊர்ப் பாறையில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இதை எடுப்பித்ததாக அங்கே கிரந்த எழுத்தில், வடமொழியில் வெட்டி வைத்திருக்கிறான். பல்லவரைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, அந்தக் கோயிலைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வரும் ஊரில் வசிக்கிறாள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போங்கள், நோட்டோடு. அதுவரை கோயில் கட்ட எதெல்லாம் பயன்பட்டிருக்கும், அவை ஏன் நிலைக்கவில்லை என்று கேளுங்கள். மரம் ஏன் மக்குகிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று அறிவியல் தானாக வரும். இது எந்த வகைப் பாறை என்று கேளுங்கள்; எட்டாவது சமூக அறிவியலில் பாறையும் மண்ணும் பாடம். தூண்களை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. சதுரத்தின் நாலு மூலையையும் எங்கே சீவினால் எட்டுப் பக்கமும் சமமாக வரும்? வீட்டுக்கு வந்து 10 செ.மீ. சதுரத் தாளை வெட்டிப் பார்க்கட்டும். மூலையிலிருந்து ஏறக்குறைய 2.9 செ.மீ. என்று வெட்டி வெட்டித் தானே கண்டுபிடிப்பாள்.

ஆங்கிலத்துக்கு ஒரே வழிதான் சொல்வேன். தினம் ஒரு பக்கம் உங்கள் காது கேட்க வாய்விட்டு வாசிக்கட்டும். அரசுப் பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைப் போனில் காட்டினால் பாட வீடியோ வரும். பாடம் முடிந்ததும் போன் உங்கள் கைக்குத் திரும்ப வேண்டும், அதில் கண்டிப்பாக இருங்கள்.

டியூஷன்? ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘பின்னத்திலிருந்து ஆரம்பிப்பீங்களா?’ ஆமாம் என்பவரிடம் அனுப்பலாம். பள்ளிப் பாடத்தையே இன்னொரு முறை நடத்தி நோட்டில் எழுத வைப்பவர் என்றால் அந்தப் பணம் வீண். அதற்கு முன், ‘இல்லம் தேடிக் கல்வி’ மையம் பக்கத்தில் இன்னும் நடக்கிறதா, ஏழாவது பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா என்று விசாரியுங்கள். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு என்று அந்தத் திட்டத்தை 2021 அக்டோபரில் உங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போங்கள், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று எழுந்து கேளுங்கள்.

தனியார் பள்ளிக்கு மாற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஏழாவதில் எடுத்துச் செல்லும் ஒரு டி.சி. இவை இரண்டையும் கேள்விக்குறியாக்கிவிடும். எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு வரும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதை எழுத ஏழாவதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50. ஆகவே இந்த வருட மார்க் முக்கியம். மாமியாரிடம் வாதாட வேண்டாம், இந்தத் தொகைகளை ஒரு தாளில் எழுதிப் பேத்தியையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மகளிடம் மட்டும், ‘நீ கல்லூரிக்குப் போவே’ என்பதைச் சந்தேகமே இல்லாத குரலில் அடிக்கடி சொல்லுங்கள். அந்த 50 ஆய்வுகளை அலசியபோது மிக அதிகப் பலன் தந்த பேச்சில் அந்தக் குரலும் சேரும்.

கடைசியாக ஒன்று. ஐந்தாவது வரை நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று இறங்கினால், கண்ணையும் பார்க்க வேண்டும். பதினோரு, பன்னிரண்டு வயதில் கிட்டப்பார்வை தொடங்குவது சகஜம். கரும்பலகை தெரியவில்லை என்பது பல பிள்ளைகளுக்குத் தமக்கே தெரியாது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளியில் சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். கண்ணாடி வரும்வரை முதல் பெஞ்சில் உட்கார வைக்கும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.