பின்னிட்டு நடந்த பிள்ளைகள்



வேதபாடம்: ஆதியாகமம் 9:20-23

கூடாரத்தில் நிதானமில்லாமல் கிடந்த நோவாவைக் காம் கண்டான்; வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரண்டு பிள்ளைகளோ தகப்பன் பக்கம் திரும்பாமலே, முதுகு காட்டி நடந்துபோய் அவரைப் போர்த்தினார்கள். பைபிள் காலேஜில் இதற்குப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனால் என் தாயாருக்கு மறதி நோய் வந்த பிறகுதான் இது எனக்குப் பாடமாயிற்று.

நான் காமாக இருந்தேன். அம்மா சாப்பிட்ட கை காயுமுன்னே பக்கத்து வீட்டில் போய், "எனக்கு யாரும் சோறு போடல" என்று சொன்னதை ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னேன். சபை சிரித்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவும் விஷயம் புரியாமல் கூடச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது பிசாசின் பிடியல்ல, விசுவாசக் குறைவுமல்ல. மூளையில் வரும் நோய். அதில் முக்கியமான ஒன்றை 1906-ல் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் எடுத்துச் சொன்னார். 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. இது தெரியாமல் நானும் தலையில் கைவைத்து, சத்தமிட்டுக் கடிந்து ஜெபித்தேன். அம்மா நடுங்கி மூலையில் ஒதுங்கினார்கள். ஜெபியுங்கள், மெதுவாய் ஜெபியுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள். தைராய்டு கோளாறாலும் வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரலாம். அதற்கு மருந்து உண்டு.

"உங்கப்பா இன்னும் வரலியா?" என்று தினமும் கேட்பார்கள். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல வருஷம் ஆயிற்று. ஊழியக்காரன் பொய் சொல்லலாமா? ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல அழுதார்கள். என் உண்மை யாருக்குப் பிரயோஜனம்? இப்போது, "அப்பாவை நெனச்சிட்டியாம்மா? அவருக்கு என்ன கொழம்பு புடிக்கும்?" என்று கேட்கிறேன். இதில் பொய்யில்லை. கருவாட்டுக் குழம்பிலிருந்து கல்யாண நாள்வரை பேசிவிட்டுத் தூங்கிப்போகிறார்கள்.

பௌர்ணமி இராத்திரிதான் கஷ்டம். கிரிவலப் பாதையில் இரைச்சல் கேட்டதும் எழுந்து தாழ்ப்பாளைத் தேடுவார்கள், "வீட்டுக்குப் போறேன்." இதுதானே வீடு என்று வாதாடினால் அடிக்கக் கை ஓங்குவார்கள். அந்த 14 கிலோமீட்டர் ஜனக்கூட்டத்தில் தவறவிட்டால் எங்கே தேடுவது? சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிக்கொண்டு, கையைப் பிடித்துத் தெருமுனைவரை நானும் போகிறேன். திரும்பி வரும்போது, "நல்ல வீடு, யாருது?" என்கிறார்கள்.

கோபம் முழுவதும் போய்விட்டது என்று சாட்சி சொல்லமாட்டேன். போனவாரமும் அதட்டினேன். குளிப்பாட்டி, துணி மாற்றுகிறவள் என் மனைவி. பிரசங்கம் பண்ணுகிறவன் நான்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதிருங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567. எங்களிடமும் சொல்லுங்கள். இரண்டு சகோதரிகள் முறைவைத்து வந்து உட்கார ஆயத்தமாயிருக்கிறார்கள். நீங்கள் அந்த நேரம் நிம்மதியாய்த் தூங்கலாம்.